பயறு வேகும் நேரம்

ஜனவரி 12, திங்கள்

காலை 9.10. ப்ரூயிட் மாவட்ட நல அலுவலகம். மாநிலச் சட்டத்துறை ஆறு மாதங்களுக்கு என்னை இந்த மலை மாவட்டங்களுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறது. ஆணையில் உள்ளபடி என் பணி: "உணவு உதவியில் ஏற்பட்டுள்ள விதி மாற்றங்களை உள்ளூர் அலுவலகங்கள் பிழையின்றி நடைமுறைப்படுத்தத் துணைநிற்றல்." 'பிழையின்றி' என்ற சொல்லின் அடியில் இயக்குநர் ஆல்டன் அம்மையார் தம் கையாலேயே கோடிட்டிருந்தார்.

மாற்றத்தை எனக்காக ஒருமுறை தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன். உழைக்கும் வயதில் உள்ள, வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லாத ஒருவர் மாதாமாதம் அரசு பணம் ஏற்றும் உணவு அட்டையைத் தொடர்ந்து பெற வேண்டுமானால், மாதம் எண்பது மணி நேரம் உழைத்ததைக் காட்ட வேண்டும். இதுவரை ஐம்பத்து நான்கு வயதோடு நின்ற இந்தக் கட்டுப்பாட்டை வாஷிங்டன் இப்போது அறுபத்து நான்கு வரை நீட்டியிருக்கிறது. காட்டத் தவறிய மாதங்கள் மூன்று சேர்ந்தால் அட்டை நிற்கும். இந்த மாவட்டத்தில் முதல் மாதம் ஜனவரி. ஆகவே, காட்டாதவர்களுக்கு ஏப்ரல் முதல் தேதி அட்டையில் ஒன்றும் இருக்காது.

புதிதாக இதற்குள் வருபவர்கள் இங்கே நாற்பத்தொரு பேர்.

ஊழியர்கள் ஐவருக்கும் திரையில் நாற்பத்தாறு படங்கள் காட்டி விளக்கவுரை நிகழ்த்தினேன். முடிவில், கேள்வி உண்டா என்றேன். இருபத்தேழு ஆண்டுகளாக ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் வெர்னா கிளெவிங்கர் கையைத் தூக்கினார்.

"ஒண்ணே ஒண்ணு வக்கீல் சார். வேலைக்குப் போங்கன்னு சொல்றோம், சரி. எந்த வேலைக்கு? சுரங்கத்த மூடி ஒம்பது வருஷம் ஆச்சு. பள்ளிக்கூட பஸ் ஓட்ட மூணு பேரு வேணும், கடையில ரெண்டு பேரு. மிச்ச முப்பத்தாறு பேரையும் இங்க உக்கார வச்சு ஒருத்தர் ஃபாரத்த ஒருத்தர் எழுதச் சொல்லலாமா?"

அது இந்த விளக்கவுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்றேன். சரியான பதில்தான். ஏனோ எல்லோரும் சிரித்தார்கள்.

ஜனவரி 14, புதன்

நாற்பத்தொரு படிவங்களையும் படித்தேன். "தற்போது செய்யும் பணி" என்ற கட்டத்தில் முப்பத்தாறு பேர் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆர்வில் ராஸ்னிக் என்பவர், வயது அறுபத்தொன்று, லிக் ஓடைப் பக்கம் தனியாக வசிப்பவர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி, இவ்வாறு எழுதியிருக்கிறார்: "பணி: இல்லை. உடல்நிலை: அது என் பாடு."

முதுகு இரண்டு முறை உடைந்தவராம். மருத்துவச் சான்று இருந்தால் இந்த விதியே அவருக்குப் பொருந்தாதே என்று வெர்னாவிடம் கேட்டேன்.

"சொல்லாமலா இருப்பேன்? 'என்னால முடியாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கச் சொல்றியா வெர்னா? அப்புறம் நாளைக்கு விறகு யாரு வெட்டுவா?'ங்கறாரு."

யாருக்கு விறகு?

"அதை என்கிட்ட கேக்கறீங்க. அவர்கிட்ட கேளுங்க. சொல்ல மாட்டாரு."

பிப்ரவரி 10, செவ்வாய்

வெர்னாவின் அத்தை ஞாயிறன்று இறந்துபோனார். இன்று அடக்கம். மரியாதைக்காகச் சென்றேன். பத்து நிமிடம் நின்று திரும்புவதாக எண்ணம்.

குழி இன்னும் முடியவில்லை. இங்கே முந்தின நாளே வெட்டி வைப்பதில்லை. திறந்த குழி ஓர் இரவைக் காணக் கூடாது. காலை 6.20-க்குத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறு பேர். மேல் ஓரடி மண் உறைந்து கருங்கல் போல் இருந்தது. குந்தாலி விழுந்த இடத்தில் தீப்பொறி பறந்ததை என் கண்ணால் பார்த்தேன். இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு பெட்டியின் அளவுக்கு மண்ணில் இடம் செய்ய இவ்வளவு நிதானம் தேவை என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவர்களில் வயதில் மூத்தவர் கத்தியால் கோடு கீறிய ஒரு ஹிக்கரி மரக் கழியை நான்கு மூலையிலும் இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். குறுக்கே வந்த வேர்களைப் பிய்க்கவில்லை. இறங்கும் பெட்டி அவற்றில் சிக்காதிருக்க, சுவரோடு சுவராக ரம்பத்தால் அறுத்தார். கால்மாடு கிழக்கு நோக்கி. இறந்தவர்கள் எழும்பும் நாளில் சூரியனைப் பார்த்து எழும்ப வேண்டுமாம். சுவர்கள் நான்கும் வரைகோல் வைத்து இழுத்தவை போல இருந்தன. முப்பது ஆண்டுகளாக ஆவணங்களில் நேர்த்தியைத் தேடி வருபவன் நான். இத்தனை நேர்த்தியான ஒன்றை, மூன்று மணி நேரத்தில் மண்மூடிவிடப் போகும் ஒன்றை, பார்த்ததில்லை.

ஒஹாயோவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் பணத்தாள்களை எடுத்து நீட்டினார். ஆறு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அவர் ஏதோ ஆடை விலகி நிற்பது போல. வெர்னாதான் அவர் கையை மூடினார். "உள்ள வைப்பா. பாக்கறாங்க."

கழி வைத்திருந்தவர் ஆர்வில் ராஸ்னிக் என்று திரும்பும்போது வெர்னா சொன்னார்.

பணி: இல்லை.

பிப்ரவரி 11, புதன்

விதியைத் திரும்பப் படித்தேன். புதிய திருத்தத்தை அல்ல, அதற்கு அடியில் இருக்கும் பழைய பிரிவை. பணத்துக்குச் செய்வது உழைப்பு. பண்டத்துக்கோ பதிலுதவிக்கோ செய்வதும் உழைப்பு. ஊதியமின்றிச் செய்வதும், சரிபார்க்க முடியுமானால், உழைப்பே. திருத்தம் இதைத் தொடவில்லை.

என் நாற்பத்தாறு படங்களில் இது முப்பத்தொன்பதாவது படத்தில் அரை வரியாக இருந்தது. படிக்காமலே தாண்டிச் சென்றேன்.

ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் அலுவலக மேசையில், பெயர் தெரியாத ஒருவர் இந்த வரியை எழுதியிருக்கிறார். லிக் ஓடையை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இத்தனை காலமும் அந்த வரி ஆர்வில் ராஸ்னிக்குக்காகக் காத்திருந்தது போல இருக்கிறது. சட்டம் பயின்றவன் சட்டத்தைப் பார்த்து வியப்பது சற்று வெட்கமாகத்தான் உள்ளது.

பிப்ரவரி 12, வியாழன்

அவரை அலுவலகத்துக்கு வரவழைத்தேன். 10.30 முதல் 10.50 வரை. குழி வெட்டுவது, விறகு, மற்றவர்களை ஊர்தியில் அழைத்துச் செல்வது, எல்லாமே கணக்கில் வரும் என்று விளக்கினேன். எழுதி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"வக்கீலே, நீ நல்ல மனுஷன். ஆனா ஒண்ணு. செத்தவங்களுக்குக் குழி வெட்டி நான் சோறு வாங்குனேன்னு ஒரு காகிதம் இருக்கக் கூடாது. நான் போனப்புறமும் இருக்கும்ல அது, உங்க ஆபீஸ்ல?"

ஏழாண்டுகள் பாதுகாக்கப்படும் என்றேன்.

"பாத்தியா."

அட்டை நின்றால் என்ன செய்வீர்கள் என்றேன். சர்க்கரை நோயாளி, வேளைக்குச் சாப்பிடாமல் ஊசி போட்டுக்கொள்ள முடியாது. "பாட்டில்ல போட்டு வச்ச காய்கறி இருக்கு, மே மாசம் வரைக்கும். அப்புறம் பாப்போம்."

மார்ச் 4, புதன்

ஜனவரியும் பிப்ரவரியும் அவர் பெயரில் தவறிய மாதங்களாகப் பதிவாகி மூடப்பட்டுவிட்டன. அவற்றைத் திறக்க மேல்முறையீடு வேண்டும். அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். போட மாட்டார். எஞ்சியிருப்பது மார்ச் ஒன்றுதான். இந்த மாதம் எண்பது மணி நேரம் நிறுவப்பட்டால் மூன்றாவது மாதம் விழாது, அட்டை நிற்காது.

வெர்னாவும் நானும் அவர் வீட்டுக்கே சென்றோம். டிரக்கின் கீழே படுத்திருந்தார். வெளியே வரவில்லை. அவருடைய காலணிகளோடுதான் பேசினோம்.

"நான் எதையும் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன்ல வெர்னா."

"நீங்க எழுத வேணாம் அண்ணே. வேற யாரையாவது கேக்கலாமா?"

"யார?"

"யாரையாவது."

ஒரு திருகு சுற்றும் ஓசை. "ஊரே இருக்கு. கேட்டுக்கோ. என் வாயால நான் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்."

நான் குனிந்து, யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தாங்கள் இசைவளிப்பதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"வெர்னா, இவரு வீட்லயும் இப்படித்தான் பேசுவாரா?"

வெர்னா அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்: "ஊரே இருக்கு. கேட்டுக்கோ." நாள், நேரம் 2.15, சாட்சி நான். இசைவு என்பதற்கு இதைவிட அகலமான வாசகத்தை நான் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆல்டன் அம்மையாரிடம் தொலைபேசியில் பேசினேன். பிறர் வாக்குமூலத்தைக் கொண்டு ஊதியமில்லா உழைப்பை ஏற்கலாம் என்று எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு கருத்துரை எழுத அனுமதி கேட்டேன்.

"எமரி, இனிமே ஒவ்வொரு பிழைக்கும் மாநிலம் கைக்காசு போடணும். தெரியும்ல? அக்கம்பக்கத்துல கேட்டோம்னு நான் போய் யார்கிட்ட சொல்ல?"

ஒரு வாக்குமூலம் நேரத்தையும் நாளையும் சொல்லுமானால், அது ஊதியச் சீட்டுக்கு எவ்வகையில் தாழ்ந்தது என்று கேட்டேன்.

மறுமுனையில் தாள்கள் புரளும் ஓசை. பிறகு, "ஒரே ஒரு கேஸ். முழுசா, ஓட்டையே இல்லாம செஞ்சு காட்டுங்க. அது நின்னா மத்தது நிக்கும்."

ஆகவே ஆர்வில் ராஸ்னிக்கின் மார்ச் மாதத்தின் மேல் இப்போது நாற்பது பேர் நிற்கிறார்கள். அவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

வருகிறார்கள். நாங்கள் கேட்டுப் போவதற்கு முன்பே. தேவாலய அறிவிப்புத் தாளின் பின்புறம், தீவனக் கடைச் சீட்டில், ஒருவர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்தார். ஆர்வில் மட்டுமில்லை. நாற்பத்தொரு பேரில் முப்பது பேரைப் பற்றி யாரோ ஒருவர் வந்து சொல்கிறார். வெள்ளத்தில் போன பாலத்தை மரம் போட்டுக் கட்டியவர்கள். நடக்க முடியாத ஒருவரை ஐந்து மாதங்களாகக் குளிப்பாட்டிவிடும் பெண், "பணி: இல்லை" என்று எழுதியவர்.

வெர்னா எதையும் பார்க்காமலே இவர் யார், எந்த ஓடை, யாருக்கு எதிர்வீடு என்று சொல்லிக்கொண்டே போகிறார். தொள்ளாயிரம் குடும்பங்கள் அந்தத் தலைக்குள் விளக்கேற்றி வைத்தது போல் இருக்கின்றன.

இந்த மாவட்டத்தை இரண்டு மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஓசி டீல். வயது எண்பத்து மூன்று, தனித்து வாழும் மூதாட்டி. வெர்னாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். சவ அடக்க நிலையம் ஆண்டுதோறும் இலவசமாகத் தரும் நாட்காட்டி அவர் அடுப்படிச் சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வானிலை, யார் வந்தார், எந்தக் கோழி முட்டையிட்டது. திங்களும் வியாழனும் தவறாமல்: "ஆர்வில். விறகு."

எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேட்டேன்.

"கடிகாரம் நின்னு போச்சு தம்பி. அவன் டிரக் மேட்டுல ஏறுற சத்தம் கேட்டா பயற அடுப்புல ஏத்துவேன். வெந்ததும் கூப்பிடுவேன். அதுவரைக்கும் கோடாலி நிக்காது. வந்து ஒரு கிண்ணம் சாப்புட்டுப் போவான்."

அந்தக் கிண்ணம் அவருக்கு நீங்கள் தரும் கூலி என்று கொள்ளலாமா என்றேன்.

"கூலியா?" வெர்னாவைப் பார்த்தார். "இவருக்கு யாரும் சோறு போடலையா?"

எழுதிக்கொண்டேன்: தொடக்கம், டிரக் ஓசை. முடிவு, பின்டோ என்னும் புள்ளிப் பயறு வேகும் நேரம். மார்ச்சில் மொத்தம் ஒன்பது வருகைகள்.

மார்ச் 20, வெள்ளி

நிறுத்த அறிவிப்புகளைக் கணினி தானாகவே அனுப்பிவிட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் திரும்பப் பெறலாம்.

மார்ச் 21, சனி

வீட்டில் பயறு வேகவைத்தேன். வெள்ளியன்றே ஊறவைத்து, காலை 8.00-க்கு அடுப்பில் ஏற்றினேன். விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் 10.40-க்கு. இரண்டு மணி நாற்பது நிமிடம். உப்புப் போட மறந்துவிட்டேன். இருப்பினும் அளவீடு செல்லும்.

மார்ச் 25, புதன்

மாத இறுதிவரை எதிர்பார்ப்பதையும் சேர்த்துக் கூட்டினேன். டெல்மர் சதர்லண்டைச் செவ்வாய்தோறும் டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்று திரும்புவது, மருத்துவ நிலையத்தின் பதிவுப்படி முப்பது மணி. ஊற்றிலிருந்து மூன்று வீடுகளுக்குக் குழாய் இழுத்தது, தேவாலயச் செயலரின் கடிதப்படி பதினெட்டு. ஓசி டீலின் விறகு, இருபத்து நான்கு. ஆக எழுபத்திரண்டு.

அதே கடிதத்தில் இம்மாதம் வெட்டிய இரண்டு குழிகளும் இருந்தன. பதினான்கு மணி. அதோடு எண்பத்தாறு. நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

3.30-க்கு ஆர்வில் தாமாகவே வந்தார். கடிதத்தைக் காட்டச் சொன்னார். அது அவருடைய கோப்பு. காட்டித்தான் ஆக வேண்டும். செயலரையும் கையோடு அழைத்து வந்திருந்தார். அவர் என் பேனாவை வாங்கி, குழிகள் இருந்த வரியை அடித்துவிட்டுத் தலைப்பெழுத்துப் போட்டார்.

"மன்னிச்சிருங்க சார். அவரு சொல்றது ஞாயந்தான்."

எழுபத்திரண்டு.

மார்ச் 26, வியாழன்

எட்டு மணி நேரம். வெறும் எட்டு மணி நேரம். பிப்ரவரியில நான் நின்னு பார்த்தேனே அந்தக் குழிய, தீப்பொறி பறந்துச்சே, அது யாருக்கும் தெரியாதா? அந்த மனுஷன் உழைக்கலன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போடாமலும் எப்படி இருப்பேன்? அடித்த வரியை நான் எழுப்பி நிறுத்தினால் அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயத்தை அவரிடமிருந்து பறித்தவன் ஆவேன். எழுப்பாவிட்டால் அவர் பட்டினி கிடப்பார். என்னதான் செய்யறது?

நிதானத்துக்கு வந்த பிறகு எழுதுகிறேன். பதிவில் இல்லாததை நான் எண்ண மாட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

மதிய உணவின்போது வெர்னா என் அளவீட்டுக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"ஊறப் போட்டீங்களா?"

ஆம். முந்தின இரவே. எந்தச் சமையல் குறிப்பும் அதைத்தான் சொல்கிறது.

"ஐயோ வக்கீல் சார். டவுன்காரங்கதான் ஊறப் போடுவாங்க. ஓசி ஆத்தா காலையில எழுந்ததுலேந்து ராத்திரி வரைக்கும் விறகு அடுப்பு எரிய விடும். அது எதுக்குப் பயற ஊறப் போடணும்? அப்படியே அள்ளி, கல்லுப் பொறுக்கி, பானையில போடும்."

இரண்டு மாதங்களாக எண்களைச் சரிபார்த்துவருகிறேன். பயறை மட்டும் சரிபார்க்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

ஓசி டீலின் அடுப்படியில் காலை 8.30 முதல் காத்திருந்தேன். ஆர்விலுக்குத் தெரிவிக்கவில்லை, என் ஊர்தியைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன்.

8.52. மேட்டில் டிரக் ஏறும் ஓசை. ஓசி எழுந்து, கல் பொறுக்கி வைத்திருந்த பயறைப் பானையில் கொட்டினார். பச்சைத் தண்ணீர், ஒரு துண்டு உப்பிட்ட பன்றிக் கொழுப்பு. மூடினார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"வக்கீலுக்குப் படிச்சுட்டு பயறு வேகறதப் பாக்க வந்திருக்க."

ஆமாம் அம்மா என்றேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

பிறகு ஒரு மேற்சட்டைக்குப் பொத்தான் தைத்தார். வெளியே கோடாலி ஒலித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஒலித்தது. பதினொரு மணிக்கும் ஒலித்தது. இடையில் இருமுறை நின்றது. சன்னலோரம் சென்று பார்த்தேன். முதல்முறை கைகளை இடுப்பில் ஊன்றி முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டு நின்றார், ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டாம் முறை, பிளந்த விறகைச் சுமந்து வந்து தாழ்வாரத்தில் அடுக்கினார். ஓசியின் இடுப்புக்கு மேல் ஒரு வரிசைகூடப் போகவில்லை. அந்த அம்மாள் கையைத் தூக்காமல் எடுக்கும் உயரம் அது.

யாரும் பார்க்கவில்லை என்ற நினைவோடு ஒருவர் செய்யும் வேலையை மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதிமன்றங்களில் என் வாழ்நாளில் பாதி கழிந்திருக்கிறது. அங்கே நான் எழுந்து நின்றதெல்லாம் வழக்கத்துக்காக. இன்று அந்தச் சன்னலில் என்னையறியாமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். ஓசி சொல்லித்தான் தெரிந்தது. "உக்காரேன். பானை ஓடிப் போயிடாது."

12.32-க்கு ஒரு பயறை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து கூப்பிட்டார். மூன்று மணி நாற்பது நிமிடம். ஒன்பது வருகைகளுக்கு முப்பத்து மூன்று மணி நேரம். மொத்தம் எண்பத்தொன்று.

ஆர்வில் உள்ளே வந்து என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா?"

ஆம் என்றேன். இது மட்டும்தான்.

கை கழுவிக்கொண்டு அமர்ந்தார். ஓசி மூன்று கிண்ணங்களை வைத்தார், மக்காச்சோள ரொட்டியும் நறுக்கிய வெங்காயமும். ஆர்வில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "விறகுன்னா சரி."

மார்ச் 31, செவ்வாய்

டெல்மரின் இன்றைய பயணத்தை மருத்துவ நிலையம் 1.40-க்கு உறுதி செய்தது. 2.05-க்கு வெர்னா நிறுத்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்.

கருத்துரை பதினொரு பக்கம். ஆல்டன் அம்மையார் படித்துவிட்டு அழைத்தார். "ஏழாவது பக்கத்துல, ஊறவைக்காத பயறுன்னு இருக்கு."

ஊறவைத்தலும் ஊறவைக்காமையும் முடிவைப் பாதிக்கும் என்பதால் குறிப்பிட நேர்ந்தது என்றேன்.

"நேராப் போய் உக்காந்தா பாத்தீங்க?"

ஆம்.

"அப்ப இருக்கட்டும். அனுப்புங்க."

ஏப்ரல் 15, புதன்

நாற்பத்தொருவரில் முப்பத்து மூன்று பேருக்கு அட்டை தொடர்கிறது. எட்டுப் பேருக்கு நின்றுவிட்டது. அந்த எட்டுப் பெயர்களையும் வெர்னா ஒரு தாளில் எழுதித் தம் விளக்கின்மேல் ஒட்டியிருக்கிறார். இன்று அதில் இரண்டைத் தேடிக்கொண்டு ஓடைப் பக்கம் போனோம். ஒருவர் கதவைத் திறந்தார்.

ஏப்ரல் 29, புதன்

வடக்கே உள்ள ஒரு மாவட்ட அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்: சோளக்கொல்லையில் காக்கை விரட்டுவதை எப்படி அளப்பது? வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

மே 19, செவ்வாய்

ஓசி டீல் சனிக்கிழமை காலமானார். காலையில் பானை அடுப்பில் இருந்ததாம். நேற்று அடக்கம்.

கல்லறை மேட்டில் ஏறியபோது ஐந்து பேர் இருந்தார்கள். வழக்கமான ஆறாவது ஆள் வரவில்லை. குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. ஆர்வில் மேலே ஏறிவந்து, முதுகை ஒருமுறை பின்னால் வளைத்து நிமிர்ந்து, குந்தாலியின் கைப்பிடியை என் பக்கம் நீட்டினார்.

"புடி வக்கீலே."

கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு இறங்கினேன். எனக்குத் தெரியாத வேலை. முதலில் அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை. நான் வெட்டிய பக்கத்தை ஆர்வில் பின்னர் கழியால் அளந்து, செதுக்கிச் சரிசெய்தார். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"தலைமாட்டுல கொஞ்சம் சாஞ்சிருக்கு. இருந்துட்டுப் போகட்டும். உசுரோட இருந்தா ஆத்தா ஏதாவது சொல்லியிருக்கும்."

கால்மாடு கிழக்கு.

இன்று அலுவலகத்தில் கையில் கொப்புளங்களோடு தட்டச்சு செய்ய முடியாமல் இருந்தேன். வெர்னா பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எப்போது முடிந்தது என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

தெரியவில்லை. கைக்கடிகாரம் வேலியில் தொங்கிய கோட்டுப் பையில் இருந்தது. இறங்கும்போது மூடுபனி, ஏறும்போது வெயில் என்று மட்டும் சொன்னேன். வெர்னா அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.